கடலோரப் பனிப்புயல்: செயின்ட் ஜான்ஸ் நகரம் எட்டு நாட்கள் முடங்கியது ஏன்?

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் அட்லாண்டிக் கரையோரம் அமைந்திருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகர விமான நிலையத்தில், 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76.2 செ.மீ. பனி பதிவானது. 1999 ஏப்ரல் 5-இல் பதிவான 68.4 செ.மீ. என்ற முந்தைய உச்சத்தை அது தாண்டியது. காற்று மணிக்கு 120 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. அன்று முற்பகலிலேயே நகர நிர்வாகம் நெருக்கடி நிலையை அறிவித்தது. அதை முழுமையாக விலக்கிக்கொள்ள எட்டு நாட்கள் பிடித்தன. மாகாண முதல்வர் டுவைட் பால் விடுத்த கோரிக்கையை ஏற்று மத்திய அரசு ராணுவத்தை அனுப்ப, வந்த வீரர்கள் மண்வாரிகளை எடுத்துக்கொண்டு முதியவர்களின் வீட்டு வாசல்களில் பனி அள்ளினார்கள்.

அந்தப் படங்களைப் பார்த்த பலருக்கும் எழுந்த கேள்வி நியாயமானதுதான். ஆண்டுக்குச் சராசரியாக மூன்று மீட்டருக்கு மேல் பனி பொழிகிற, பனி அகற்றுவதற்கென்றே வண்டிகளும் ஆட்களும் தனி நிதியும் வைத்திருக்கிற ஒரு நகரம் ஒரே ஒரு புயலுக்கு ஏன் இப்படி முடங்க வேண்டும்? அன்றைய வெப்பநிலையும் கனடாவின் உட்பகுதிகளில் காணப்படும் கடுங்குளிரின் பக்கத்தில்கூட வராது. விடை கடலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பனி எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர் கூடினால் பனி கூடுமா?

பனிப்பொழிவுக்கு இரண்டு தேவை: உறைநிலைக்குக் கீழான வெப்பநிலை, போதிய நீராவி. முதலாவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதை மறந்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. காற்று குளிரக் குளிர அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு வேகமாகக் குறைகிறது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 20 டிகிரியில் அது சுமார் ஒரு கிராமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே மிகக் கடுமையான குளிர் நிலவும் இடங்களில் பெரும்பாலும் வறட்சியான, தூள் போன்ற, அளவில் குறைந்த பனியே விழும்.

கனடாவின் நடுவே, எந்தக் கடலிலிருந்தும் வெகு தொலைவில் இருக்கும் வின்னிபெக் நகரத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கு ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரியை ஒட்டியிருக்கும். ஆண்டுப் பனிப்பொழிவோ ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். செயின்ட் ஜான்ஸில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4 அல்லது 5 டிகிரிதான். ஆனால் பனிப்பொழிவு அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. குளிரின் அளவை வைத்துப் பனியின் அளவை ஊகிப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இந்த ஒரு சோடி எண்களே போதும்.

அட்சரேகையை வைத்து ஊகிப்பதும் அப்படித்தான். செயின்ட் ஜான்ஸ் பாரிஸ் நகரத்துக்கும் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆனால் அந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. பாரிஸுக்கு அட்லாண்டிக்கின் மிதமான கடற்காற்று வந்து சேர்கிறது. செயின்ட் ஜான்ஸுக்கு உறைந்து கிடக்கும் கனடிய நிலப்பரப்பின் காற்று வந்து சேர்கிறது. ஒரே கடலின் இரு கரைகளுக்கு இரு வேறு குளிர்காலங்கள் வாய்த்திருப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இது.

இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கும் இடம்

நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து லாப்ரடோர் நீரோட்டம் குளிர்ந்த நீரையும், வசந்தத்தில் பனிப்பாறைகளையும் கொண்டுவருகிறது. தெற்கே வளைகுடா நீரோட்டம் வெப்பமண்டலத்தின் வெதுவெதுப்பை ஏந்திக்கொண்டு வடகிழக்காகச் செல்கிறது. இரண்டும் நெருங்கும் கிராண்ட் பேங்க்ஸ் கடற்பகுதி, உலகிலேயே மூடுபனி மிக அதிகமான இடங்களுள் ஒன்று. தமிழர்களின் அண்மைக்கால வரலாற்றிலும் இந்தக் கடலுக்கு ஓர் இடம் உண்டு: 1986 ஆகஸ்டில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டு மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழ் அகதிகளை, கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றியது இத்தீவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால்தான்.

கோடையில் மூடுபனியை உண்டாக்கும் இந்த வெப்பநிலை வேறுபாடுதான் குளிர்காலத்தில் புயலை வளர்க்கிறது. நமக்குப் பழக்கமான வங்கக்கடல் புயலின் இயக்கம் வேறு. அது வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து எழும் நீராவி குளிர்ந்து சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தால் வலுவடைகிறது. தரையேறியதும் அந்த ஆதாரம் அறுந்து தளர்ந்துவிடுகிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலோ, அருகருகே நிற்கும் குளிர்ந்த காற்றுக்கும் வெப்பக் காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்தே தன் ஆற்றலின் பெரும்பங்கைப் பெறுகிறது. கனமான குளிர்காற்று வெப்பக் காற்றின் அடியில் புகுந்து இறங்க, இலேசான வெப்பக் காற்று அதன்மேல் ஏறுகிறது. ஏறும் காற்றில் உள்ள நீராவி மேகமாகவும் பனியாகவும் மாறும்போது வெளிவிடும் வெப்பம் அந்த ஏற்றத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. வளைகுடா நீரோட்டத்தின் மேல் நிற்கும் ஈரமான காற்றும், வடக்கேயுள்ள லாப்ரடோர் நிலப்பரப்பிலிருந்து இறங்கும் உறைந்த காற்றும் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் கிடைக்கும் இடம் உலகில் அதிகம் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரம் தோன்றும் புயல்கள் பல, நியூஃபவுண்ட்லாந்தை நெருங்கும்போது உச்ச வலுவை அடைவதற்குக் காரணம் இதுதான்.

‘வெதர் பாம்’ என்பதன் சரியான பொருள்

2020 புயலைப் பற்றிய செய்திகளில் ‘பாம் சைக்ளோன்’ (வெடிகுண்டுப் புயல்), ‘வெதர் பாம்’ (வானிலை வெடிகுண்டு) ஆகிய சொற்கள் அடிக்கடி வந்தன. இவை பரபரப்புக்காக ஊடகங்கள் உருவாக்கிய சொற்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் சாண்டர்ஸும் ஜான் கியாகமும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் அது வரையறுக்கப்பட்டது: 60 டிகிரி அட்சரேகையில், புயலின் மையக் காற்றழுத்தம் 24 மணி நேரத்தில் குறைந்தது 24 மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) சரிய வேண்டும். பூமியின் சுழற்சி விளைவு அட்சரேகைக்கு ஏற்ப மாறுவதால், தெற்கே வர வர இந்த எல்லை குறையும். செயின்ட் ஜான்ஸ் இருக்கும் 47.5 டிகிரியில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 20 மில்லிபார். 2020 ஜனவரிப் புயல் இந்த எல்லையைத் தாராளமாகக் கடந்தது.

அழுத்தம் விரைவாகச் சரிவதால் என்ன நேர்கிறது? மையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு குறுகிய தூரத்துக்குள் குவிகிறது. அதற்கு ஏற்பக் காற்றின் வேகம் கூடுகிறது. இது சில மணி நேரத்துக்குள் நடப்பதால், காலையில் வேலைக்குப் போகக்கூடிய நிலையில் இருந்த சாலை நண்பகலில் கை நீட்டினால் கை தெரியாத நிலைக்கு மாறிவிடும்.

பூஜ்ஜியம் டிகிரிக் கோடு

கடலோரத்தில் குளிர்கால முன்னறிவிப்பு கடினமாவதற்கு, வெப்பநிலை எப்போதும் உறைநிலையை ஒட்டியே ஊசலாடுவது முக்கியக் காரணம். புயலின் மையம் நகரத்துக்குத் தென்கிழக்கே கடலில் கடந்து சென்றால், காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும்; பனி விழும். மையம் நகரத்துக்கு மேற்கே கடந்தால் தெற்கிலிருந்து கடல் வெப்பம் ஏறிவந்து மழையாகிவிடும். இந்த இரண்டு பாதைகளுக்கும் இடையே ஐம்பது, நூறு கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தாலே போதும். ஒரே புயலில், தலைக்கு மேலுள்ள காற்றடுக்குகளின் வெப்பநிலையைப் பொறுத்து நான்கு விதமான பொழிவுகள் மாறி மாறி வரலாம்:

1. மேகத்திலிருந்து தரைவரை முழுவதும் உறைநிலைக்குக் கீழே இருந்தால் பனி.

2. நடுவில் வெப்பமான அடுக்கு ஒன்று புகுந்து, அதன் கீழே தடித்த குளிர் அடுக்கு இருந்தால், உருகிய துளி மீண்டும் உறைந்து சிறு பனிக்கட்டி மணிகளாக விழும்.

3. கீழேயுள்ள குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால், துளிக்குக் காற்றிலேயே உறைய நேரம் கிடைப்பதில்லை. அது நீராகவே வந்து, கம்பி, மரக்கிளை, சாலை என்று எதைத் தொட்டாலும் அதன்மேல் கண்ணாடிப் படலம்போல உறைந்துவிடும். இதுவே உறைமழை.

4. தரையை ஒட்டிய காற்றும் உறைநிலைக்கு மேலே போய்விட்டால் சாதாரண மழை.

இவற்றில் மூன்றாவதுதான் மின்சாரத்துக்கு எமன். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் ‘கிளிட்டர்’ என்று அழைக்கும் அந்தப் படலம் ஒரு மின்கம்பியின்மேல் சில சென்டிமீட்டர் சேர்ந்தாலே கம்பியின் எடையை விடப் பல மடங்கு பாரம் ஏறி, கம்பங்கள் சரியத் தொடங்கும். 1984 ஏப்ரலில் செயின்ட் ஜான்ஸ் உட்பட அவலான் தீபகற்பத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் இருளில் கிடந்தது உறைமழையால்தான். அங்கே குளிர்காலம் ஏப்ரல்வரை நீள்வது வழக்கம். மார்ச் 17-ஐ ஒட்டி வரும் கடைசிப் பெரும் பனிக்கு ‘ஷீலாஸ் பிரஷ்’ என்று மக்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்.

2020 புயலில் வெப்பநிலை கோட்டுக்குக் கீழேயே நின்றது. விழுந்தது முழுவதும் பனி. அதுவே அதன் உயரத்தையும், அடுத்து வந்த துன்பத்தையும் தீர்மானித்தது.

அளவுகோலில் 76, வாசலில் ஒரு சுவர்

76.2 செ.மீ. என்பது இடுப்பளவை எட்டாத உயரம். அப்படியானால் கதவைத் திறந்தவர்கள் எதிரே கதவின் அச்சு அப்படியே பதிந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தது எப்படி?

கனடாவின் வானிலைத் துறை ஒரு புயலைப் ‘பிளிசர்ட்’, அதாவது கடும் பனிப்புயல், என்று அறிவிக்கப் பனியின் உயரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மணிக்கு 40 கி.மீ.க்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்குமேல் கண்ணுக்கு எட்டாத நிலை, இவ்விரண்டும் குறைந்தது நான்கு மணி நேரம் நீடிப்பது: இவ்வளவுதான் நிபந்தனை. காரணம், காற்று பனியை விழுந்த இடத்தில் விட்டுவைப்பதில்லை. திறந்த வெளியிலிருந்து வாரிச் சென்று, வேகம் தடைபடும் இடத்தில், அதாவது வீட்டுச் சுவரோரம், நிறுத்திய கார், ஒடுங்கிய தெரு ஆகிய இடங்களில் கொட்டுகிறது. விமான நிலையத்தின் அளவுகோல் காட்டுவது சராசரி. மனிதர்கள் வாழ்வது காற்று கொட்டிய குவியல்களுக்கு நடுவில். மாடி ஜன்னல் வரை எழும்பிய குவியல்களும், மேலே ஓர் ஆன்டெனா மட்டும் தெரிய முழுவதும் புதைந்த கார்களும் அப்படித்தான் உருவாயின.

எடையையும் கவனிக்க வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும்; கடலோர ஈரப்பனி அதைவிடக் கனமானது; காற்று அடித்து இறுக்கிய குவியலில் 300 கிலோவையும் தாண்டும். பத்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீட்டு வாகனப் பாதையில் 76 செ.மீ. பனி சீராகப் படிந்தால்கூட அது மூன்று டன். அதைத் தனியொருவர் மண்வாரியால் அள்ளி, தோள் உயரத்துக்கு ஏற்கெனவே எழுந்துவிட்ட விளிம்புக்கு மேலே வீச வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நிலையில் செய்யும் இந்த வேலை மாரடைப்பைத் தூண்டக்கூடியது என்று மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிப்பதை மிகையென்று ஒதுக்கவே கூடாது. வெப்பமூட்டிகளின் புகைபோக்கி பனியால் அடைபட்டால் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

சரிவுகளில் இந்த எடை வேறு வடிவம் எடுக்கிறது. துறைமுக வாயிலை ஒட்டி, சிக்னல் ஹில் குன்றின் அடிவாரத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் ‘பேட்டரி’ குடியிருப்பில் 2020 ஜனவரி 17 இரவு பனிச்சரிவு ஏற்பட்டு ஒரு வீட்டுக்குள் பனி புகுந்தது. அண்டை வீட்டார் வெளியேற வேண்டியதாயிற்று. 1959 பிப்ரவரியில் இதே பேட்டரியில் நேர்ந்த சரிவில் ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். உயர்ந்த மலைத்தொடர் எதுவும் இல்லாத துறைமுக நகரத்திலும் பனிச்சரிவு உயிரைக் குடிக்கும் என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை.

ஒரு நாள் புயல், எட்டு நாள் முடக்கம்

புயல் ஒரு நாளில் ஓய்ந்துவிட்டது. மீதி நாட்களுக்கான காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

1. புயலின் உச்சத்தில் பனி அகற்றும் வண்டிகளே சாலையிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாதபோது அவரை அனுப்புவது கொலைக்குச் சமம். இந்த முடிவைக் குறைகூற முடியாது. ஆனால் வழக்கமாகப் பெய்யப் பெய்ய அகற்றப்படும் பனி, இம்முறை முழுவதுமாகச் சேர்ந்த பிறகே கையாளப்பட்டது.

2. பனி ஒதுக்கும் வண்டியின் வேலை, பனியைச் சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவது. ஓரத்தில் இடம் இருக்கும்வரைதான் அது பயன்படும். தரையில் ஏற்கெனவே பனி கிடந்த நிலையில் இவ்வளவு புதிய பனி சேர்ந்ததும், தள்ளுவதற்கு இடமில்லாமல் போனது. அதன்பின் அள்ளி, லாரியில் ஏற்றி, வேறிடத்தில் கொட்ட வேண்டும். இது பல மடங்கு மெதுவான வேலை.

3. செயின்ட் ஜான்ஸ் வட அமெரிக்காவின் மிகப் பழைய ஐரோப்பியக் குடியேற்றங்களுள் ஒன்று. துறைமுகத்திலிருந்து செங்குத்தாக மேலேறும் குறுகலான தெருக்களும், சுவரோடு சுவர் ஒட்டிய வண்ண வண்ண மர வீடுகளும் கண்ணுக்கு அழகுதான். பெரிய எந்திரங்களுக்கு அங்கே திரும்பக்கூட இடம் கிடையாது.

4. தெருக்களில் புதைந்த கார்களை எந்திரத்தால் அப்படியே வாரிவிட முடியாது. அடியில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் தோண்ட வேண்டும்.

5. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் செல்ல ஒற்றை வழியாவது திறக்கும்வரை, தனியார் வாகனங்களைச் சாலையில் அனுமதிக்க முடியாது. தடை நீடித்ததற்கு இதுவே நேரடிக் காரணம்.

தடையின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. மளிகைக் கடைகளை வரையறுக்கப்பட்ட நேரத்துக்குத் திறக்க ஜனவரி 21, செவ்வாய்க்கிழமைதான் அனுமதி கிடைத்தது. கடைகளின் முன்னால் மிக நீண்ட வரிசைகள் நின்றன. அவசரக் காலத்துக்கு 72 மணி நேரத்துக்கான உணவையும் மருந்தையும் கையிருப்பில் வையுங்கள் என்பது கனடிய அரசின் நெடுங்கால அறிவுரை. வெள்ளி முதல் செவ்வாய்வரை எண்ணினால் அந்த அளவு போதவில்லை என்பது தெரியும். தினக்கூலியில் வாழ்பவருக்கும், வாரச் சம்பளத்தில் வாராவாரம் பொருள் வாங்குபவருக்கும் மூன்று நாள் கையிருப்பே பெரிய காரியம் என்பதை எந்த அறிவுரையும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. என் பார்வையில், அந்த வாரத்தில் வெளிப்பட்ட மிக மோசமான பலவீனம் பனி அகற்றலில் இல்லை, இங்கேதான் இருந்தது.

தீவு என்பதால் இந்தப் பலவீனம் இரட்டிப்பாகிறது. காய்கறிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வர வேண்டும். நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியிலிருந்து போர்ட் ஓ பாஸ்க் துறைக்குக் கப்பலில் லாரிகள் வரும். அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் சுமார் 900 கி.மீ. சாலைத் தூரம். நேரடியாக நகரத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களும் உண்டு. இந்த இரண்டு வழிகளையும் நிறுத்த ஒரே புயல் போதும்.

கரைக்கு அப்பால்

நகரத்தின் துன்பத்தைப் படம் பிடிக்க முடிகிறது. கடலில் நடப்பது பெரும்பாலும் படத்துக்குள் வருவதில்லை. 1914-இல் கடல்நாய் வேட்டைக்குச் சென்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ கப்பலின் 132 ஆட்கள், இரண்டு இரவுகள் பனிப்புயலில் உறைகடல்மேல் சிக்கிக்கொண்டனர். 78 பேர் இறந்தனர். அதே புயலில் ‘சதர்ன் கிராஸ்’ என்ற மற்றொரு கப்பல் 173 பேருடன் காணாமல் போனது. 1982 பிப்ரவரி 15 அன்று கிராண்ட் பேங்க்ஸில் ‘ஓஷன் ரேஞ்சர்’ என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை குளிர்காலப் புயலில் மூழ்கியபோது, அதிலிருந்த 84 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே ஒவ்வொரு புயல் எச்சரிக்கையையும் மக்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வதற்குப் பின்னால் இந்தப் பெயர்கள் இருக்கின்றன.

பூமி வெப்பமாகிறது, பனி ஏன் குறையவில்லை?

ஒவ்வொரு பெரும் பனிப்புயலுக்குப் பின்னும் இந்தக் கேள்வி எழுகிறது. முதலில், ஒரு தனிப் புயலை வைத்துக் காலநிலை மாற்றத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் மேலே விளக்கிய இயற்பியல் இங்கேயும் பொருந்தும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மைனஸ் 5 டிகிரியிலிருந்து மைனஸ் 3 டிகிரிக்கு ஏறிய காற்றிலிருந்து விழுவதும் பனிதான்; ஆனால் அதில் ஈரம் அதிகம். கோட்டைத் தாண்டி 1 டிகிரிக்குப் போனால் அதுவே மழை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பால் ஓ கோர்மன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது: வெப்பம் கூடும்போது ஆண்டுச் சராசரிப் பனிப்பொழிவு பல இடங்களில் கணிசமாகக் குறையும், ஆனால் மிகக் கடுமையான பனிப்பொழிவுகள் அந்த அளவுக்குக் குறையாது. உறைநிலைக்குச் சற்றே கீழான வெப்பநிலையில்தான் மிகப் பெரும் பொழிவுகள் நிகழ்கின்றன என்பது அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. செயின்ட் ஜான்ஸின் குளிர்காலம் முழுவதும் ஏறத்தாழ அந்த வெப்பநிலையிலேயே கழிகிறது.

நகர நிர்வாகங்களுக்கு இதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பனி குறைந்த குளிர்காலங்கள் தொடர்ச்சியாக நான்கைந்து வந்தால், எந்திரங்களுக்கும் ஆட்களுக்குமான நிதியைக் குறைக்கச் சொல்லும் குரல் மன்றங்களில் இயல்பாகவே வலுக்கும். 2020-ஐப் போன்ற ஒரு நாள் அதன் பிறகும் வரலாம். மேலும், கோடு பூஜ்ஜியத்தை ஒட்டி ஊசலாடுவதால், மலைபோல் குவிந்த பனியின்மேல் அடுத்த சில நாட்களிலேயே கனமழை பெய்வதும் கூடும். அப்போது பனிக்கு அடியில் புதைந்த வடிகால் வாய்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துத் திறந்துவைப்பதே முதல் வேலையாகிவிடும். திறக்காத தெருக்களில் உருகிய நீரும் மழை நீரும் சேர்ந்து வீட்டின் அடித்தளங்களுக்குள் இறங்கும். இரவில் மீண்டும் குளிர்ந்தால், அந்த நீரே சாலையில் பனிக்கட்டியாக இறுகி, சாதாரண வண்டியால் அகற்ற முடியாததாகிவிடும்.